தயிர் சேமியாவும் மார்க்கோ போலோ கதையும்

போன வாரம் மதியச் சாப்பாட்டில் ஒரு சின்ன சண்டை. என் டப்பாவில் தயிர் சேமியா. பார்த்த நண்பன், "இது கோல்டு பாஸ்தா சாலட் தானேடா, இத்தாலிக்காரன் ஐட்டம்" என்றான். பக்கத்தில் இருந்த தோழி, "இல்லவே இல்லை, மார்க்கோ போலோ சீனாவில் இருந்து இத்தாலிக்குக் கொண்டுபோனது" என்றாள். எனக்கு இரண்டுமே இடித்தது. கொஞ்சம் தேடிப் படித்தேன்.

மார்க்கோ போலோ நம்ம காயல் துறைமுகத்தைப் பற்றிக்கூட எழுதியவர். அவர் வெனிஸ் திரும்பியது 1295இல். ஆனால் 1154லேயே அல் இத்ரீசி என்ற புவியியல் அறிஞர், சிசிலித் தீவில் திராபியா என்ற ஊரில் கோதுமை மாவை நூல் நூலாக்கி உணவு செய்து கப்பலில் அனுப்புகிறார்கள் என்று எழுதிவிட்டார். அப்போது மார்க்கோ போலோ பிறக்கவே இல்லை!

பிறகு அந்தக் கதை எப்படிப் பரவியது? 1929இல் அமெரிக்க மக்ரோனி உற்பத்தியாளர் சங்கத்தின் 'மக்ரோனி ஜர்னல்' பத்திரிகையில் வந்த ஒரு கற்பனைக் கதைக்கு அதில் பெரிய பங்கு உண்டு. காமர்ஸ் படிக்கிற எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. சரக்கு விற்க நல்ல கதை வேண்டுமே!

சரி, நம்ம பக்கம்? 1025ஐ ஒட்டி கன்னடத்தில் எழுதப்பட்ட 'லோகோபகாரம்' என்ற நூல், சாவிகெ செய்வதையும் அதைப் பிழியும் அச்சையும் சொல்கிறது. நம் வீட்டுச் சேவை நாழிக்குச் சொந்தக்காரன் மாதிரி. இத்ரீசிக்கு நூறு வருஷத்துக்கு மேல் முந்தியது.

உடனே "நாம்தான் உலகத்துக்கே கற்றுக்கொடுத்தோம்" என்று கிளம்பிவிடாதீர்கள். அப்படிச் சொன்னால் நமக்கும் அந்தப் பத்திரிகைக்கும் வித்தியாசம் இல்லை. முந்தி எழுதப்பட்டது என்பதால் மட்டும் அதில் இருந்துதான் மற்றது வந்தது என்று ஆகிவிடாது. மாவை நூலாக்கும் யோசனை பல ஊர்களில் தனித்தனியாகத் தோன்றியிருக்கலாம்.

செய்முறையிலும் ஒரு ஒற்றுமை. சேமியாவை வேகவைத்து வடித்ததும் பச்சைத் தண்ணீர் ஊற்றி அலச வேண்டும். அப்போதுதான் ஒட்டாது. ஆறவைத்துச் சாப்பிடும் பாஸ்தாவுக்கும் இதேதான். அப்புறம் அவர்கள் எண்ணெயும் எலுமிச்சையும் சேர்க்கிறார்கள். நாம் தயிர், புளிக்காமல் இருக்கக் கொஞ்சம் பால், கடுகு, இஞ்சி, பச்சை மிளகாய் தாளிப்பு, மேலே கேரட் துருவல். அங்கே வசந்தம் என்றால் பூ பூக்கும். எங்கள் திருமழிசையில் சித்திரை என்றால் மண்டை பிளக்கும்! ஜில்லென்று தயிர் கேட்பது நியாயம்தானே?

சண்டை முடிந்து பார்த்தால் டப்பா காலி. எனக்கு ஒரு ஸ்பூன்கூட மிச்சமில்லை :-)