சவுரி முதல் ஒட்டுமுடி வரை: ஒரு வரலாற்றுப் பார்வை



அண்மையில் மாணவி ஒருத்தியின் தாயார், மகளின் நாட்டிய அரங்கேற்றத்திற்கு எம்முறையில் கூந்தலை நீட்டலாம் என வினவினார். அச்சிறுமியின் நெற்றியோர முடி ஏற்கெனவே மெலிந்திருந்தது. அவ்வினாவிற்குரிய விடையின் பெரும்பகுதி வரலாற்றிலேயே உள்ளது. அதனை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

கூந்தலை நீட்டும் ஆசை மிகப் பழமையானது. எகிப்தின் அமர்னாவில் ஏறத்தாழ 3,300 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட ஒரு பெண்ணின் தலையில், சுமார் 70 இணைப்பு முடிக்கற்றைகள் அடுக்கடுக்காக இருந்ததைத் தொல்லியல் ஆய்வாளர் ஜோலாண்டா போஸ் 2014ஆம் ஆண்டு விளக்கினார்.

நம்மவர் கண்ட முறை சவுரி. தலைவாரும்போது உதிர்ந்த முடியைச் சேர்த்து வைத்து, அதையே சவுரியாகக் கட்டி வாங்கும் வழக்கமும் இருந்தது. சொந்த முடியை மூன்று கால்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுடனும் சவுரியின் ஒரு காலைச் சேர்த்துப் பின்னுவர். பாரம் ஒரே இடத்தில் தொங்காமல் பின்னல் முழுவதும் பரவுகிறது. விழா முடிந்ததும் அதனை அவிழ்த்துவிடுவர். இரவில் வேர்களுக்கு ஓய்வு கிட்டும்.

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரைச் சேர்ந்த கிறிஸ்டினா ஜென்கின்ஸ், வேற்று முடியைச் சொந்த முடியோடு நூலால் இணைத்துத் தைக்கும் முறைக்கு 1952இல் காப்புரிமை பெற்றார். இதனால் இணைப்பு முடி நாள் கணக்கில், வாரக் கணக்கில் தலையிலேயே தங்கலாயிற்று. பின்னர்ப் பசைநாடா, சூடேற்றி உருக்கும் பசை, சிறு வளையம் எனப் பல முறைகள் வந்தன.

இடைவிடாத இழுப்பின் விளைவு அதற்கு முன்பே அறியப்பட்டிருந்தது. கிரீன்லாந்துப் பெண்கள் முடியை இறுக இழுத்துக் கட்டியதால் நெற்றியோரம் வழுக்கையானதை ட்ரெபிட்ஷ் என்பவர் 1907இல் பதிவு செய்தார். இன்று மருத்துவர்கள் இதனை இழுவை வழுக்கை என்பர். தொடக்கத்திலேயே இழுப்பை நிறுத்தினால் முடி மீண்டும் வளரும். வேர்ப்பை தழும்பேறிவிட்டால் வளராது.

முடி மாதத்திற்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளர்கிறது. நிலையாகப் பொருத்திய கற்றை வேரைவிட்டுக் கீழிறங்கி, உதிர்ந்த முடியும் அங்கே சிக்கிச் சடையாகிறது. ஆகவே தேர்ந்தெடுக்கும்போது இவற்றை நினைவிற் கொள்க:

1. ஓரிரு நாள் விழாவிற்குச் சவுரியோ கிளிப் முடியோ போதும். உறங்குமுன் கழற்றிவிட வேண்டும்.
2. கற்றை இலேசாக இருக்கட்டும். நெற்றியோரத்திலும் காதோரத்திலும் பொருத்த வேண்டாம்.
3. நிலையான முறையாயின், உரிய காலத்தில் தேர்ந்தவரிடம் கழற்றி மாற்றுக. வீட்டில் பிய்த்தெடுத்தல் கூடாது.
4. வலியும் சிறு கொப்புளமும் எச்சரிக்கைகள். "அழகுக்காகப் பொறுத்துக்கொள்" என்று பிள்ளைகளிடம் கூறாதீர்கள்.

அத்தாயாரிடம், முதலில் தோல் மருத்துவரைக் காணுமாறும், அரங்கேற்றத்தன்று மட்டும் மெல்லிய சவுரியைத் தளர்வாகப் பின்னுமாறும் கூறினேன். "என் பாட்டி செய்ததுதானே!" என்று வியந்தார்.

ஆம். மாலையில் கட்டி இரவில் அவிழ்த்த அம்முறையில், இரவல் முடி சொந்த முடிக்குப் பகையாகவில்லை. பாட்டியின் பெட்டியில் கிடந்த சவுரி நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.