பத்து நாள் கூலிக்காரர்கள்

எண்பதுகளின் கடைசியில் மே மாதம் பிறந்தால் எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளாது. பி.டி. மாஸ்டர் உத்தியோகத்தில் அந்த ஒன்றரை மாதம்தான் என் கால்கள் எனக்குச் சொந்தம். தேனி, திண்டுக்கல் பக்கம் எங்காவது விளக்கு போட்டு பாஸ்கெட்பால் டோர்னமெண்ட் நடக்கும். ஏதாவது ஒரு டீமில் ஆள் குறையும். "மாஸ்டர், கெஸ்ட் பிளேயரா வந்துருங்க" என்று சைக்கிளில் ஒரு பையன் வந்து நிற்பான். பஸ் காசு, ராத்திரி பரோட்டா, ஜெயித்தால் கவரில் கொஞ்சம் பணம். தோற்றால் கவர் வராது. கேட்பதும் மரியாதை இல்லை. ஒரே மே மாதத்தில் நான்கு ஊர் பெயரை நெஞ்சில் மாட்டியிருக்கிறேன். அதில் ஒரு பனியனின் முதுகில் முந்தைய வருஷம் ஆடியவன் பெயர் அப்படியே இருந்தது. இரண்டு நாளும் ஜனம் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கத்தியது. நானும் திரும்பிப் பார்த்தேன்.

அந்தப் பழக்கதோஷம், அமெரிக்கக் கூடைப்பந்தின் வரலாற்றைப் படிக்கும்போதும் என் கண் நட்சத்திரங்கள் மேல் நிற்பதில்லை. ஊர் ஊராகப் போய் யாரோ விட்டுப்போன இடத்தில் ஆடிவிட்டு வந்தவர்களைத்தான் தேடுகிறேன். அங்கே அவர்களுக்கு 'ஜர்னிமேன்' என்று பெயர். ஊர் சுற்றுவதால் வந்த பெயர் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இல்லை. 'ஒரு நாள் வேலை' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் வழியில் வந்தது அது. தொழில் பழகி முடித்து, சொந்தப் பட்டறை வைக்க வசதியில்லாமல், இன்னொருவர் பட்டறையில் நாள்கணக்கில் கூலி வாங்கியவனே ஜர்னிமேன். நம்ம பக்கத்து வார்த்தையில் அத்தக்கூலி. இந்தப் பொருள் தெரிந்த பிறகு, எந்த ஆட்டக்காரனைப் பற்றிப் படித்தாலும் எத்தனை புள்ளி போட்டான் என்று பார்ப்பதற்கு முன் அவனை எத்தனை நாளைக்கு வாங்கினார்கள் என்று பார்க்கிறேன்.

முதல் கணக்கு ஒரு ராத்திரி. 1896 நவம்பரில் நியூஜெர்சி மாநிலத்து டிரெண்டன் ஊரில், ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, டிக்கெட் விற்று ஒரு ஆட்டம் நடந்தது. செலவு போக மிஞ்சியதை ஆட்டக்காரர்கள் பங்கிட்டார்கள். தலைக்கு 15 டாலர், கேப்டன் ஃப்ரெட் கூப்பருக்கு ஒரு டாலர் கூடுதல் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. ஆடுகளத்தைச் சுற்றி வேலி கட்டியிருந்தார்கள். வெளியே போன பந்தை முதலில் தொட்டவனுக்கே பந்து என்பது அன்றைய விதி. அதைப் பிடிக்க ஆட்டக்காரர்கள் பார்வையாளர் மடியில் போய் விழுந்து புரண்டதால் வேலி. பிறகு பல ஊர்களில் அது கம்பிக் கூண்டானது. அமெரிக்கப் பத்திரிகைகள் வெகுகாலம் கூடைப்பந்துக்காரர்களைக் 'கூண்டுக்காரர்கள்' என்றே எழுதின. சர்க்கஸ் ஞாபகம் வருகிறது எனக்கு. கூலி விஷயத்திலும் ஏறக்குறைய சர்க்கஸ்தான்.

1923இல் பாப் டக்ளஸ் என்பவர் ஹார்லெமில் 'நியூயார்க் ரெனய்சன்ஸ்' என்ற கறுப்பின அணியைத் தொடங்கினார், சுருக்கமாக ரென்ஸ். ஒரு நடன அரங்கம்தான் அவர்களுக்குச் சொந்த மைதானம். ஆனால் வயிற்றுப்பாடு பஸ்ஸில்தான் கழிந்தது. 1932-33 பருவத்தில் தொடர்ந்து 88 ஆட்டங்களை ஜெயித்தார்கள். ஜெயித்த ஊரிலேயே படுக்க ஓட்டலில் இடம் தரமாட்டார்கள், சாப்பாட்டுக் கடையில் உட்காரவிடமாட்டார்கள். ஆட்டம் முடிந்த ராத்திரியே நூறு மைலுக்கு மேல் பஸ்ஸில் திரும்பி, தங்க இடம் கிடைத்த ஊரில் போய்த் தூங்கியிருக்கிறார்கள். 1939இல் சிகாகோவில் நடந்த முதல் உலகத் தொழில்முறைப் போட்டியில் ஆஷ்காஷ் ஆல்-ஸ்டார்ஸை வென்று பட்டம் வாங்கியவர்களும் இவர்களே.

அடுத்த கணக்கு சனி, ஞாயிறு. என் மனசுக்கு நெருக்கமானது இதுதான், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

1946 ஏப்ரலில் பென்சில்வேனியாவின் நிலக்கரி ஊர்களை மையமாக வைத்து ஒரு லீக் தொடங்கியது. வில்க்ஸ்-பாரி, ஹேசல்டன், ரெடிங், லங்காஸ்டர், ஆலன்டவுன், கூடவே எல்லை தாண்டி நியூயார்க் மாநிலத்து பிங்காம்டன். அமெரிக்காவின் பெரிய லீக்கான என்.பி.ஏ.வின் மூல வடிவமான அமைப்பு பிறந்தது அதே வருஷம் ஜூனில். ஆக, சின்ன லீக்தான் இரண்டு மாதம் மூத்தது! முதல் பருவத்திலேயே ஹேசல்டன் அணியில் ரென்ஸில் ஆடிய ஜான் ஐசக்ஸ் உள்ளிட்ட கறுப்பின ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். என்.பி.ஏ. அந்தக் கதவைத் திறக்க 1950 ஆனது.

'ஈஸ்டர்ன் லீக்' என்று பெயர் நிலைத்த அந்த அமைப்பில் வார நாட்களில் ஆட்டம் கிடையாது. திங்கள் முதல் வெள்ளி வரை அவரவர் பிழைப்பு. சனிக்கிழமை ஆனதும் ஃபிலடெல்ஃபியாவிலிருந்தோ நியூயார்க்கிலிருந்தோ நான்கைந்து பேர் ஒரே காரில் முழங்காலை மடக்கிக்கொண்டு பனிச்சாலையில் கிளம்புவார்கள். ஆறரை அடி ஆட்கள்! பள்ளிக்கூட ஜிம்மில் ஆட்டம், ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பணம், ஞாயிறு இன்னொரு ஊர், திங்கள் காலை மறுபடி வேலை. அப்படிப் போய்வந்தவர்களில் ஒருவர் ஜான் சேனி. சன்பரி மெர்குரிஸ், பிறகு வில்லியம்ஸ்போர்ட் என்று பத்து வருஷம் ஆடினார். பள்ளி ஆசிரியராகவும் இருந்தார். என்.பி.ஏ. அவரை ஒருநாளும் கூப்பிடவில்லை. பின்னாளில் டெம்பிள் பல்கலைக்கழகக் கோச்சாகி, 2001இல் கூடைப்பந்தின் புகழ்க்கூடத்தில் இடம்பெற்றார். சேனியின் படம் ஒன்றைப் பள்ளியில் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன். "சொந்தக்காரரா சார்?" என்று கேட்டான் ஒரு எட்டாம் வகுப்புக்காரன்.

ஆட்டம் தெரியாததால் அங்கே ஒதுங்கியவர்கள் இல்லை இவர்கள். 1960இல் என்.பி.ஏ.வில் மொத்தமே எட்டு அணிகள். நாடு முழுவதற்கும் நூறு இடம்கூட இல்லை. அதிலும் ஒரு அணியில் கறுப்பினத்தவர் இத்தனை பேர்தான் என்ற எழுதாத கணக்கு வேறு. மிஞ்சியவர்களெல்லாம் நிலக்கரி ஊர்களில் ஆடினார்கள். மேலிருந்து தானாக இறங்கி வந்தவரும் உண்டு. இரண்டு முறை என்.பி.ஏ.வின் புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடித்த பால் அரிசின், 1962இல் அவருடைய ஃபிலடெல்ஃபியா வாரியர்ஸ் அணி சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு இடம் மாறியபோது கூடப் போகவில்லை. ஐ.பி.எம்.மில் வேலை பார்த்துக்கொண்டு, வாரக் கடைசியில் கேம்டன் புல்லட்ஸுக்கு ஆடினார். அணி மாறி மாறிப் பிழைப்பவர்கள் நடுவில், ஊர் மாற மறுத்ததற்காகவே சின்ன லீக்குக்கு வந்தவர்!

1977இல் இந்த 'கிழக்கு' லீக்கில் அலாஸ்காவின் ஆங்கரேஜ் அணி சேர்ந்தது. அதற்கு மேலும் கிழக்கு என்று சொன்னால் சிரிப்பார்கள் என்பதாலோ என்னவோ, மறுவருஷம் கான்டினென்டல் பாஸ்கெட்பால் அசோசியேஷன், சி.பி.ஏ. என்று பெயர் மாறியது. அங்கே பின்னர் வந்த ஒரு விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆட்டத்தை ஜெயித்தால் 3 புள்ளி, ஜெயித்த ஒவ்வொரு கால்பகுதிக்கும் 1 புள்ளி. முப்பது பாயிண்ட் பின்தங்கிக் கிடக்கும் அணிக்கும் கடைசிப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் ஆட ஒரு காரணம் இருக்கும். கூலிக்காரன் மனசு தெரிந்த யாரோ போட்ட விதி.

மூன்றாவது கணக்கு, பத்து நாள். என்.பி.ஏ. அணியில் யாருக்காவது காயம் என்றால், சி.பி.ஏ.விலிருந்து ஒருவரைப் பத்து நாளுக்கு மட்டும் எடுப்பார்கள் அந்நாளில். இன்றைய விதிப்படி பத்து நாள் ஆளை ஜனவரி 5 முதல்தான் எடுக்க முடியும். பத்து நாள் அல்லது மூன்று ஆட்டம், எது நீளமோ அது. ஒரே அணி ஒருவரை ஒரு பருவத்தில் இரண்டு முறை இப்படி வாங்கலாம். பிறகு பருவம் முழுக்க வைத்துக்கொள்ள வேண்டும், இல்லை அனுப்பிவிட வேண்டும்.

1980 பிப்ரவரியில் போர்ட்லண்ட் அணிக்கு அப்படி வந்தவர் பில்லி ரே பேட்ஸ். மிசிசிப்பியின் குத்தகை விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. ஹூஸ்டன் அணி தேர்ந்தெடுத்துக் கழித்துவிட்டது. மேய்ன் மாநிலத்தில் லம்பர்ஜாக்ஸ் என்ற சி.பி.ஏ. அணியில் ஆடிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டார்கள். அந்த வருஷப் பிளேஆஃபில் சியாட்டிலுக்கு எதிராக மூன்று ஆட்டங்களில் சராசரி 25 புள்ளி. அடுத்த வருஷம் 28.3. பத்து நாளுக்கு வாங்கிய ஆள்! ஆனால் குடியும் போதையும் கூடவே வந்தன. 1983க்குள் வாஷிங்டன், லாஸ் ஏஞ்சல்ஸ் இரண்டையும் தொட்டுவிட்டு அமெரிக்கப் பெரிய லீக் முடிந்துபோனது. அதே 1983இல் மணிலாவில் இறங்கினார். பிலிப்பைன்ஸ் லீக்கில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களை 'இம்போர்ட்' என்பார்கள், சரக்கு இறக்குமதி மாதிரி. கிறிஸ்பா அணிக்கு ஆடி, அந்த வருஷத்து மூன்று பட்டங்களையும் அது அள்ளியதில் இரண்டுக்குப் பெரும்பங்கு வகித்தார். 'பிளாக் சூப்பர்மேன்' என்று தலையில் தூக்கிவைத்தது மணிலா. அவர் பெயரில் ஷூ விற்றது. ஊர் திரும்பியபின் கதை வேறு. 1998இல் நியூஜெர்சியில் ஒரு பெட்ரோல் பங்கில் கொள்ளையடித்ததற்காகச் சிறைக்குப் போனார். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தக் கடைசி வரியிலிருந்து பின்னோக்கிப் படிக்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. மணிலாவில் அவர் ஆடிய ஆட்டம் மணிலாவில் நடந்ததுதான்.

சி.பி.ஏ. 2001 பிப்ரவரியில் பருவம் நடக்கும்போதே பணமின்றி விழுந்தது. பின்னர் எழுந்து கொஞ்ச காலம் தள்ளாடியது. 2001இலேயே என்.பி.ஏ. தனக்கென்று ஒரு சின்ன லீக் தொடங்கிக்கொண்டது.

பெரிய லீக்கிலேயே சுற்றியவர்களும் உண்டு. டோனி மாசன்பர்க் 1990இல், அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 43ஆம் ஆளாக சான் அன்டோனியோவுக்குப் போனார். 1991-92 பருவத்தில் மட்டும் நான்கு அணிகள். ஸ்பெயின், இத்தாலி போய்வந்தார். டொராண்டோ, வான்கூவர், ஹூஸ்டன், யூட்டா, சேக்ரமென்டோ என்று மொத்தம் 12 அணிகள். கடைசியில் தொடங்கிய சான் அன்டோனியோவுக்கே வந்து, 2005இல் சாம்பியன் மோதிரத்தோடு முடித்தார். அவருக்கு முந்தைய வருஷம் அதே 43ஆம் இடத்தில் எடுக்கப்பட்ட சக்கி பிரவுனும் 12 அணிகள்தான், 1995இல் ஹூஸ்டனோடு அவருக்கும் மோதிரம். ஆனால் 1995இல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட ஜோ ஸ்மித்தும் 12 அணி சுற்றியிருக்கிறார், மோதிரம் இல்லை.

இந்த எண்ணை முந்தியவர் இஷ் ஸ்மித். ஆறடி உயரம். அதாவது என் உயரம். 2010இல் எந்த அணியும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஹூஸ்டனில் தொடங்கி, 2022இல் டென்வருக்கு மாற்றப்பட்டபோது அது 13ஆவது அணி, சாதனை. 2023 ஜூனில் டென்வர் சாம்பியன், அவருக்கும் மோதிரம். அந்த அக்டோபரில் அடுத்த பருவம் தொடங்கியபோது எந்த அணியிலும் அவர் பெயர் இல்லை. நவம்பரில், ஏற்கெனவே ஒருமுறை ஆடிய, பிறந்த ஊரான சார்லட்டின் அணியிலிருந்து கூப்பிட்டார்கள். போய் ஆடினார்.