ஒரே கை எழுதிய இரு விண்ணப்பங்கள்

வேலை கேட்டு எழுதும்போது எதைச் சொல்வது, எதை விடுவது என்று குழம்புகிறவர்கள் சீனிவாச இராமானுஜனின் இரண்டு கடிதங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒன்று, 1912 பிப்ரவரி 9 அன்று சென்னைத் துறைமுகக் கழகத்துக்கு எழுதிய மனு. மற்றது, 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டிக்கு எழுதியது.

முன்னது, குமாஸ்தா இடம் காலி என்று கேள்விப்பட்டு எழுதியது. சில வரிகளில் முடிந்துவிடுகிறது. பின்னதற்குக் காலியிடம் என்ற ஒன்றே இல்லை. பக்கம் பக்கமாகத் தேற்றங்கள். முன்னதோடு மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் பரிந்துரை போனது. பின்னதில் தேற்றங்களே சான்றிதழ்.

குறையைச் சொல்வதில் மட்டும் இரண்டும் உடன்பிறப்புகள். துறைமுகத்திடம் எஃப்.ஏ. என்ற அன்றைய கல்லூரி வகுப்போடு படிப்பு நின்றதைச் சொல்கிறார். ஹார்டியிடம் பல்கலைக்கழகக் கல்வி இல்லை என்கிறார். மறைக்கவும் இல்லை, புலம்பவும் இல்லை. (ஹார்டியிடம் வயதை ஏறத்தாழ 23 என்றார், அப்போது அவருக்கு 25. எண்களோடு வாழ்ந்தவர்!)

அதைவிட வியப்பு, ஒரு கடிதத்தின் உலகம் மற்றதற்குள் புகுந்திருப்பது. குமாஸ்தா வேலை கேட்கும் இடத்தில், தன் நேரமெல்லாம் கணிதத்துக்கே போகிறது என்கிறார். கணிதம் பேச வந்த இடத்திலோ, ஆண்டுக்கு 20 பவுன் வாங்கும் குமாஸ்தா என்று தொடங்குகிறார். பயோடேட்டா திருத்தித் தருபவர்கள் இரண்டு வரிகளையும் அடித்துவிடுவார்கள். எனக்கோ அவையே உயிர்வரிகளாகப் படுகின்றன. துறைமுகத்தில் உயர்பொறுப்பில் இருந்த நாராயண ஐயர் கணிதம் பயின்றவர். இந்தக் குமாஸ்தாவின் அருமை அவருக்குப் புரிந்தது. கேம்பிரிட்ஜில், அந்தச் சம்பளத்துக்கும் பின்வரும் தேற்றங்களுக்கும் உள்ள தூரமே படிப்பவரை நிமிர்ந்து உட்காரச் செய்திருக்கும். ஆனால் எல்லோரும் நிமிரவில்லை: ஹார்டிக்கு முன்பே பேக்கர், ஹாப்சன் என்ற இரு கேம்பிரிட்ஜ் கணிதர்களுக்கு அவர் எழுதியும் பயனில்லை.

பதில்கள் வந்த விதமும் வேறு. துறைமுகம் எதையும் நிரூபிக்கச் சொல்லாமல் மார்ச் 1 முதல் வேலைக்கு எடுத்துக்கொண்டது. ஹார்டியோ நண்பர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து அலசி, வியந்த பிறகும், பிப்ரவரி 8 தேதியிட்ட பதிலில் நிரூபணங்களை அனுப்பச் சொன்னார். துறைமுக மனு எழுதி ஓராண்டு ஆக ஒரு நாளே குறை. துறைமுகத்தில் கேட்டதே கிடைத்தது. ஹார்டியிடம் கேட்டது தேற்றங்களை அச்சேற்ற வழி. அதன் பலனாக அந்த மே மாதம் வந்து சேர்ந்தது, பட்டமே வாங்காதவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் அளித்த 75 ரூபாய் மாத ஆய்வு உதவித்தொகை.