டிசம்பர் மாதமும் படப்பை வட்டாரமும்

ஒரு மாதத்தின் நினைவு நாள்களைத் தொகுத்தால் தலைவர்களின் பிறப்பும் மறைவுமே பட்டியலை நிரப்பிவிடும். தமிழ்நாட்டில் டிசம்பர் மாதப் பட்டியல் நீளமானது. பாரதியார் பிறந்தது 11ஆம் நாள். கணித மேதை இராமானுசன் பிறந்தது 22ஆம் நாள். பெரியாரும் (1973) எம்.ஜி.ஆரும் (1987) மறைந்தது 24ஆம் நாள். இராஜாஜி மறைந்தது 25ஆம் நாள் (1972). ஆழிப்பேரலை கரையைத் தாக்கியது 26ஆம் நாள் (2004). இவை நாடறிந்தவை. இதே மாதத்தைத் தாம்பரம், படப்பை, மணிமங்கலம் ஆகிய ஊர்கள் அடங்கிய சிறு வட்டாரத்துக்குள் வைத்துப் பார்த்தால் வேறு சில நாள்கள் முன்னுக்கு வருகின்றன.

படப்பை, வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில் உள்ள ஊர். சங்க இலக்கியங்களில் 'படப்பை' என்ற சொல் தோட்டத்தையும் வீட்டை ஒட்டிய கொல்லையையும் குறிக்கும். சுற்றிலும் ஏரிகள் நிறைந்த ஊருக்குப் பொருத்தமான பெயர்தான். இதற்கு வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில் மணிமங்கலம் இருக்கிறது. இவ்வட்டாரத்தின் மிகப் பழைய டிசம்பர் நாள் அந்த ஊர்ப் பெருமாள் கோவில் சுவரில் கிடைத்தது.

அது முதலாம் இராசாதிராச சோழனின் 29ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு. அரசனின் மெய்க்கீர்த்தியை விரிவாகச் சொல்லிவிட்டு, கோவிலுக்கு நிலம் அளிக்கப்பட்ட செய்தியைப் பதிவு செய்கிறது. கல்வெட்டில் ஆங்கில ஆண்டோ மாதமோ இருக்க வழியில்லை. தனுர் மாதம், வளர்பிறை இரண்டாம் திதி, புதன்கிழமை என்று பஞ்சாங்க முறையில்தான் நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. தென்னிந்தியக் கல்வெட்டுகளின் காலத்தைக் கணித்த ஜெர்மானிய அறிஞர் கீல்ஹார்ன், இந்தக் குறிப்புகள் அனைத்தும் ஒருசேரப் பொருந்தும் நாள் 1046 டிசம்பர் 3 என்று கண்டறிந்தார்.

ஆட்சியாண்டை மட்டும் வைத்து ஓர் அரசனின் காலத்தை உறுதியாகச் சொல்ல முடியாது. முதலாம் ஆண்டு எப்போது தொடங்கியது என்பது தெரிய வேண்டும். மணிமங்கலம் போன்ற கல்வெட்டுகளில் திதியும் கிழமையும் சேர்ந்து வருவதால்தான் சோழர் வரலாற்றுக்கு உறுதியான ஆண்டுக் கணக்கு கிடைத்தது. பாடநூலில் ஓர் அரசனின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் ஆண்டுகளுக்குப் பின்னால் இத்தகைய நிலக்கொடைக் கல்வெட்டுகள் பல இருக்கின்றன. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1046 டிசம்பர் 3 என்பது பழைய ஜூலியன் நாட்காட்டிப்படி சொல்லப்படுவது. இன்று நாம் பயன்படுத்தும் கிரெகோரியன் நாட்காட்டியில் அதே நாள் டிசம்பர் 9 ஆகும். ஆண்டு நிறைவு கொண்டாட விரும்புவோர் முதலில் எந்த நாட்காட்டி என்று முடிவு செய்துகொள்வது நல்லது!

இதே மணிமங்கலம் அதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே பெரும் போர்க்களமாக இருந்தது. பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன், சாளுக்கியன் இரண்டாம் புலிகேசியைப் பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய இடங்களில் வென்றதாகக் கூரம் செப்பேடு கூறுகிறது. பல்லவப் படை வாதாபி வரை சென்றது அதன் பிறகுதான். தென்னிந்திய வரலாற்றின் போக்கை மாற்றிய அந்தப் போர் நடந்த நாளும் மாதமும் எங்கும் எழுதப்படவில்லை. ஆகவே அதற்கு நினைவு நாள் இல்லை. ஒரு துண்டு நிலம் கைமாறிய நாளின் கிழமை வரை தெரிகிறது. பேரரசன் தோற்ற நாள் தெரியவில்லை. நிலத்துக்குச் சான்று தேவைப்பட்டது, அதனால் நாளும் பதிவானது.

அடுத்து வருவது 1938. அந்த ஆண்டு டிசம்பர் 12 முதல் 29 வரை பன்னாட்டு மிஷனரி மன்றத்தின் உலக மாநாடு தாம்பரத்தில் நடந்தது. எடின்பரோ (1910), எருசலேம் (1928) மாநாடுகளின் வரிசையில் வந்த இதைச் சீனாவின் ஹாங்சோ நகரில் நடத்தவே முதலில் திட்டமிட்டிருந்தனர். ஜப்பான் சீனாமீது படையெடுத்ததால் இடம் மாறியது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி அதற்கு முந்தைய ஆண்டுதான் நகரின் நெருக்கடியான பகுதியிலிருந்து தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்திருந்தது. புதிய விடுதிகளும் விரிந்த வளாகமும் தயாராக இருந்தன. போரில் ஈடுபட்டிருந்த சீனா, ஜப்பான் ஆகிய இரு நாட்டுப் பேராளர்களும் இங்கே ஒரே கூரையின் கீழ் கூடினர். டச்சு அறிஞர் ஹெண்ட்ரிக் கிரேமர் பிற சமயங்களைப் பற்றி எழுதிய நூல் மாநாட்டில் கடும் விவாதத்தைக் கிளப்பியது. சென்னையைச் சேர்ந்த பி. செஞ்சையா, வி. சக்கரை முதலியோர் இந்தியக் கிறித்தவம் தன் சொந்த மண்ணிலிருந்து சிந்திக்க வேண்டும் என்ற எதிர்க்கருத்தை நூலாகவே வெளியிட்டிருந்தனர். இறையியல் நூல்களில் இன்றும் 'தாம்பரம்' என்றால் மின்சார ரயில் போய் நிற்கும் நிலையம் அன்று, இந்த விவாதம்தான்.

மாநாடு தொடங்கிய அதே டிசம்பர் 12ஆம் நாளில், 2016ஆம் ஆண்டு, வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தது. கல்லூரி வளாகத்திலும் வண்டலூர் உயிரியல் பூங்காவிலும் ஏராளமான மரங்கள் சாய்ந்தன.

ஆனால் இப்பகுதி மக்களிடம் டிசம்பர் என்றதும் நினைவுக்கு வருவது 2015ஆம் ஆண்டின் முதல் நாள்தான். டிசம்பர் 2 காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை பதிவானது. வானிலைத் துறையின் ஒரு நாள் காலை 8.30க்கு முடிவதால் பதிவேட்டில் இது இரண்டாம் தேதிக் கணக்கு. மக்கள் நினைவில் முதல் தேதி மழை. விமான நிலையம் சில நாள்கள் மூடப்பட்டது. மறைமலை நகரில் உள்ள அச்சகத்துக்கு ஊழியர்கள் செல்ல முடியாததால், 1878இல் தொடங்கப்பட்ட 'தி இந்து' ஆங்கில நாளிதழ் டிசம்பர் 2 அன்று அச்சில் வரவில்லை.

அந்த வெள்ளத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிடப்பட்ட விநாடிக்கு 29,000 கனஅடி நீரோடு நின்றுவிடுகிறது. சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் போன்ற பகுதிகளுக்கு அந்த விளக்கம் பெரிதும் பொருந்தும். முடிச்சூருக்கும் வரதராசபுரத்துக்கும் அது பொருந்தாது. செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் திருநீர்மலை அருகில்தான் அடையாற்றில் சேர்கிறது. முடிச்சூரும் வரதராசபுரமும் அந்த இடத்துக்கு மேலே, ஆற்றின் தொடக்கப் பகுதியில் உள்ளவை. அங்கே வீடுகளுக்குள் புகுந்தது ஆதனூர், மணிமங்கலம், படப்பைப் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த நீர். ஒன்று நிரம்பினால் அடுத்ததற்கு நீர் போகும்படி வாய்க்கால்களால் இணைக்கப்பட்ட சங்கிலி ஏரிகள் இவை. கடைசி ஏரியின் கலங்கல் நீர் ஆற்றுக்குப் போக வேண்டும். போகும் வழியில் இருந்த வயல்கள் சில பத்தாண்டுகளில் மனைகளாயின; வாய்க்கால்கள் குறுகித் தெருவோரச் சாக்கடை அளவுக்கு வந்தன. மழை இயற்கையானது, நீர் நின்ற இடத்தைத் தீர்மானித்ததில் மனிதர்களுக்கும் பங்கு உண்டு.

வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றின் மேற்பகுதி அகலப்படுத்தப்பட்டது. படப்பைக்கு அருகே ஒரத்தூரில், ஆற்றுக்கு வரும் நீரை முன்கூட்டியே தேக்கிவைக்கப் புதிய நீர்த்தேக்கம் அமைக்கும் பணி தொடங்கப்பட்டது. முடிச்சூரில் பலர் வீட்டின் தரைமட்டத்தைச் சாலையைவிட உயர்த்திக் கட்டினர். வடகிழக்குப் பருவமழை வலுக்கும் ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் இறுதியில் அங்கே கார்களை மேடான இடங்களுக்குக் கொண்டுபோய் நிறுத்துவது இப்போது வழக்கமாகிவிட்டது.