தென்காசி வட்டாரத்தில் சுமை தூக்கல்: சும்மாடு முதல் டிராக்டர் ஃபோர்க் வரை

டிராக்டரின் முன்புறம் பொருத்தும் லோடரில், மண் அள்ளும் வாளியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மாட்டப்படும் இரண்டு நீண்ட இரும்புக் கரங்களுக்கு ஃபோர்க் என்று பெயர். பேலட் எனப்படும் மரத்தட்டின் அடியில் இக்கரங்களை நுழைத்து, தட்டில் அடுக்கிய மூட்டைகளையோ செங்கற்களையோ ஒரே தடவையில் தூக்கலாம். பார்வைக்குப் புதிய கருவியாகத் தோன்றினாலும், இது தீர்க்கும் சிக்கல் தென்காசி, செங்கோட்டை, குற்றாலம் வட்டாரத்துக்கு மிகப் பழையது.

சுமைதாங்கிக் கல்

தென்காசியிலிருந்து செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வழியாக மலையைக் கடந்து கொல்லம் செல்லும் பாதை பழமையான வணிகப் பாதை. கிழக்கேயிருந்து அரிசியும் துணியும், மேற்கேயிருந்து மிளகும் பாக்கும் தலைச்சுமையாகவும் பொதிமாடுகளிலும் வண்டிகளிலும் சென்றன. தமிழ்நாட்டின் பழைய சாலைகளில் இன்றும் ஆங்காங்கே காணப்படும் சுமைதாங்கிக் கற்கள் இப்படி நடந்தவர்களுக்காக நிறுத்தப்பட்டவை. இரண்டு செங்குத்துக் கற்கள், மேலே குறுக்காக ஒரு கல், அவ்வளவுதான் அமைப்பு. பிரசவத்துக்கு முன் இறந்துபோன கர்ப்பிணிப் பெண்களின் நினைவாக இவற்றை நிறுவும் வழக்கம் இருந்தது. மலையாள நாட்டில் இதற்கு அத்தாணி என்று பெயர்.

அந்தக் கல்லின் உயரம் கவனிக்கத்தக்கது. தலையில் சும்மாடு வைத்து 40 கிலோ சுமந்து நடப்பவருக்கு நடையைவிடக் கடினமானது சுமையை இறக்கி மறுபடி ஏற்றுவது. தரையில் வைத்துவிட்டால் இன்னொருவர் கை கொடுக்காமல் தலைக்கு ஏற்ற முடியாது. சுமைதாங்கியில் வைத்தால், துணையின்றித் தானே குனிந்து தலையைக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். சுமையைத் தரைக்கு விடாதே என்பதே அக்கல்லின் சூத்திரம். பேலட்டின் சூத்திரமும் இதுதான்: சுமைக்கும் தரைக்கும் நடுவே சிறிது இடைவெளியாவது இருந்தால்தான் இரும்புக் கரம் உள்ளே நுழையும்.

ரயில் வந்தபின்

1904-இல் கொல்லம் - செங்கோட்டை மீட்டர் கேஜ் பாதை திறக்கப்பட்டது. மலையைக் கடக்கும் சுமையை ரயில் ஏற்றுக்கொண்டது. ஆனால் பெட்டியில் ஏற்றுவதும் இறக்குவதும் மனித முதுகிலேயே நின்றன. பின்னர் வந்த லாரியும் இதை மாற்றவில்லை. வாகனம் வேகமாக ஓட ஓட, ஒரு நாளில் தூக்க வேண்டிய மூட்டைகளின் எண்ணிக்கைதான் கூடியது. வரலாற்று நூல்கள் பாதைகளைப் பற்றி எழுதும் அளவுக்கு, பாதையின் இரு முனைகளிலும் நின்ற இந்த முதுகுகளைப் பற்றி எழுதுவதில்லை.

மூட்டையின் எடையை நிர்ணயித்தவர் அதைச் சுமந்தவர் அல்லர். தானியத்துக்கு 100 கிலோ வரை கொள்ளும் சணல் சாக்குகள் நாட்டில் நெடுங்காலம் புழங்கின. 50 கிலோ மூட்டை பிற்காலத்தில்தான் பரவலாயிற்று. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் சுமை எடை பற்றிய 127-ஆம் உடன்படிக்கையை ஏற்றது. உடன் வெளியான 128-ஆம் பரிந்துரை, வளர்ந்த ஆணுக்கு 55 கிலோவை உச்ச அளவாகச் சொன்னது. இந்தியா அவ்வுடன்படிக்கையை ஏற்றது 2010-இல்தான். 2022 ஜூலையில், 25 கிலோ வரையிலான அரிசிப் பைகளுக்கு ஜிஎஸ்டி விதிக்கப்பட்டதும் கடைகளில் 26 கிலோ பை தலைகாட்டியது. முதுகுவலி செய்யாததை வரி செய்தது!

எல்லையின் இரு பக்கம்

செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் - கொச்சி மாநிலத்தில் இருந்து, பின் சென்னை மாநிலத்துடன் இணைந்த ஊர். எனவே இவ்வட்டாரத்துக்குச் சுமைத் தொழிலின் இரண்டு நடைமுறைகளும் தெரியும். கேரளம் 1978-இல் தலைச்சுமைத் தொழிலாளர்களுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. தமிழ்நாடு 1982-இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தைக் கொண்டுவந்தது. கேரளத்தில் சங்கங்கள் வலுவாக இருந்ததால் கூலி உயர்ந்தது. அதன் மறுபக்கமாக, இயந்திரம் இறக்கும் சரக்குக்கும் அருகில் நின்று பார்த்தவர்கள் கூலி கேட்கும் ‘நோக்குகூலி’ வளர்ந்தது. 2018 மே 1 முதல் கேரள அரசு அதை ஒழித்தது. நோக்குகூலியை நியாயப்படுத்த முடியாது. எனினும் அதன் பின்னால் இருந்த அச்சம், ஃபோர்க் வந்தால் அடுப்பு எரியாது என்ற அச்சம், பொய்யானதல்ல.

இயந்திரத்தின் வருகை

அமெரிக்காவின் கிளார்க் நிறுவனம் 1917-இல் தன் தொழிற்சாலைக்குள் பொருள்களை நகர்த்த ஒரு சிறு வண்டியைச் செய்தது. ஃபோர்க்லிஃப்டின் முன்னோடிகளுள் அதுவும் ஒன்று. இரண்டாம் உலகப் போரில் இராணுவச் சரக்குகளைக் கையாளும்போது பேலட் உலகெங்கும் பரவியது. துறைமுகங்களும் பெரிய கிடங்குகளும் ஃபோர்க்லிஃப்டை ஏற்றுக்கொண்டன. ஆனால் அதன் சிறிய சக்கரங்களுக்குக் கான்கிரீட் தரை வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் பெய்து செம்மண் சேறாகும் செங்கல் சூளையிலோ மரஅறுவை ஆலை முற்றத்திலோ அது புதைந்துவிடும்.

அங்கேதான் டிராக்டருக்கு இடம் கிடைத்தது. ஹாரி ஃபெர்குசன் 1926-இல் காப்புரிமை பெற்ற ஹைட்ராலிக் இணைப்பு, டிராக்டருக்குப் பின்னால் தூக்கும் ஆற்றலைக் கொடுத்தது. இங்கிலாந்தில் ஜே.சி. பாம்ஃபோர்டு 1949-இல் டிராக்டரின் முன்புறம் பொருத்தும் ஹைட்ராலிக் லோடரைத் தயாரித்தார். அவர் பெயரின் முதலெழுத்துகளே இன்று தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ‘ஜேசிபி’ என்னும் பொதுப்பெயராக வழங்குகின்றன. சென்னையில் 1960-இல் தொடங்கிய டாஃபே, ஃபெர்குசன் மரபில் வந்த மாசி ஃபெர்குசன் டிராக்டர்களை இங்கே தயாரித்தது. உழவுக்கும் டிரெய்லர் இழுக்கவும் வந்த வண்டியில், லோடரும் ஃபோர்க்கும் பின்னர் ஏறின.

சிறிய டிராக்டரின் கணக்கு

சிறிய டிராக்டரில் ஃபோர்க் பயன்படுத்துவோர் அறிய வேண்டியது பள்ளியில் படித்த நெம்புகோல் தத்துவம்தான். முன் அச்சுதான் ஆதாரப்புள்ளி. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 1.5 மீட்டர் என்று கொள்வோம். முன் அச்சிலிருந்து 1.5 மீட்டர் முன்னால் 300 கிலோ சுமை நின்றால், பின் சக்கரங்களின் மீதான பாரத்தில் 300 கிலோ குறைந்துவிடும். முன் அச்சில் 600 கிலோ கூடும். பிரேக் பெரும்பாலும் பின் சக்கரங்களில்தான் இருக்கிறது. அவை தரையை இறுகப் பற்றாவிட்டால் வண்டி நிற்காது. அதனால்தான் பின்புற இணைப்பில் கான்கிரீட் கட்டை போன்ற எதிர்ச்சுமை மாட்டுவதும், பின் டயர்களில் தண்ணீர் நிரப்புவதும் அவசியம்.

வாளி தூக்கும் அளவை ஃபோர்க்கும் தூக்கும் என்று எண்ணுவது ஆபத்து. ஃபோர்க்கில் சுமை இன்னும் முன்னே தள்ளி நிற்கிறது. சட்டத்தின் எடையையும் பேலட்டின் எடையையும் லோடரின் திறனிலிருந்து கழிக்க வேண்டும். 20 சிமெண்ட் மூட்டை என்றால் ஒரு டன். சிறிய டிராக்டர் லோடர்களின் திறனோ பெரும்பாலும் சில நூறு கிலோதான். ஓட்டும்போது சுமையைத் தரையை ஒட்டித் தாழ்வாக வைப்பதும், சரிவில் சுமை மேட்டுப் பக்கம் இருக்கும்படி ஓட்டுவதும், ஃபோர்க்கில் ஆள் ஏற்றாமல் இருப்பதும் விலக்கில்லாத விதிகள்.

பேலட் தானாக நிரம்புவதில்லை. செங்கல் ஒன்று சுமார் 3 கிலோ. சூளையில் ஒரு பெண் 10 கல் சுமந்தால் 30 கிலோ. ஃபோர்க் உள்ள இடத்தில் அவர் அதே கற்களை இடுப்பு உயரத்துக்குள் அடுக்கினால் போதும். உடலுக்கு இது பெரிய விடுதலை. ஆனால் ஆறு பேர் செய்ததை மூவர் முடித்துவிடுவார்கள். மீதி மூவரின் கூலி எங்கே போகும் என்ற கேள்வியை டிராக்டர் விற்பவர் கேட்பதில்லை.

பேலட்டுக்கு இன்னொரு தடையும் உண்டு. ஆஸ்திரேலியாவில் போருக்குப் பின் மிஞ்சிய பேலட்டுகளை ஒரு பொது இருப்பாக வைத்து, எங்கு போனாலும் திரும்பப் பெறும் ஏற்பாடு உருவாயிற்று. பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து கேரளத்துக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் லாரியோடு மரத்தட்டை அனுப்பினால், அதைத் திருப்பித் தர யாருக்கும் பொறுப்பில்லை. லாரியின் உயர்ந்த பக்கப் பலகைகளைத் தாண்டி உள்ளே அடுக்க ஃபோர்க்குக்கு வழியும் இல்லை. ஆகவே முற்றத்துக்குள் இரும்புக் கரம் தூக்கிவரும் சுமை லாரியின் பின்கதவோடு நிற்கிறது. அங்கிருந்து உள்ளே அடுக்குவது இன்னும் தலையில் துண்டைச் சும்மாடாகச் சுருட்டி வைத்த ஆள்தான்.