துரையோடு சண்டை போட்டவள்

2025 ஜூலை 14. செனவாங்கில் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது பாட்டி டிவி முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பெங்களூரில் சரோஜாதேவி காலமானார், வயது 87 என்று செய்தி ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் பாட்டி சொன்னது இதுதான்: "தொரைய எதுத்துச் சண்ட போட்டவ போயிட்டாய்யா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் வயதுக்காரர்களுக்குச் சரோஜாதேவி என்றால் 'புதிய பறவை'யில் கோபாலைக் கூப்பிடும் குரல், அதை வைத்துச் செய்யும் மிமிக்ரி, அவ்வளவுதான்.

"எந்தத் தொர பாட்டி?"

"எம்ஜிஆருதான். சொந்த பங்களாவுலயே காசு குடுத்துத் தங்குவாரே, அந்தப் படம்."

'அன்பே வா'. 1966 பொங்கலுக்கு வந்தது. ஏவிஎம் தயாரிப்பு, ஏ.சி. திருலோகசந்தர் இயக்கம், சிம்லாவில் எடுத்த வண்ணப் படம். எம்ஜிஆரும் சரோஜாதேவியும் சேர்ந்து நடித்த 26 படங்களில் இதுவும் ஒன்று. ஆனால் மற்றவை போல இல்லை. காப்பாற்ற அம்மாவும் இல்லை, திருத்த ஜமீன்தாரும் இல்லை. முழுக்க முழுக்கக் காதலும் கலாட்டாவும்தான்.

கதையின் வேர் ஹாலிவுட்டில் இருக்கிறது. 1961இல் ராக் ஹட்சனும் ஜீனா லோலோபிரிஜிடாவும் நடித்து வந்த 'கம் செப்டம்பர்'. ஓர் அமெரிக்கப் பணக்காரனுக்கு இத்தாலியில் மாளிகை. வருடத்தில் செப்டம்பர் மாதம் மட்டும் வருவான், காதலியும் அங்கே வந்து சேருவாள். மீதி 11 மாதமும் மேலாள் அதை ஹோட்டலாக நடத்திச் சம்பாதிக்கிறான். ஒரு வருடம் முதலாளி ஜூலையிலேயே வந்து நின்றுவிடுகிறான். லோலோபிரிஜிடாவின் லிசாவுக்கு அவன் யார் என்று நன்றாகத் தெரியும். அவளுடைய சண்டையெல்லாம் 'எத்தனை செப்டம்பர் காத்திருப்பது, எப்போது கல்யாணம்?' என்பதில்தான்.

1966 தமிழ்ப் படத்தில் இது நடக்குமா? எம்ஜிஆர் வருடத்துக்கு ஒரு மாதம் மட்டும் காதலியோடு தங்குவதாகக் காட்டினால் தியேட்டர் மிஞ்சாது. அதனால் கதாநாயகியை அந்த வீட்டில் வாடகைக்கு வந்த குடும்பத்துப் பெண்ணாக மாற்றினார்கள். ஜே.பி. என்ற கோடீஸ்வரன் ஓய்வெடுக்கச் சிம்லா பங்களாவுக்கு வருகிறான். காவல்காரன் ராமையா (நாகேஷ்) வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறான், முதலாளி முகத்தை அவன் பார்த்ததே இல்லை. ஜே.பி. தன்னை யாரென்று சொல்லாமல் வாடகை கொடுத்துத் தங்குகிறான். கீதாவுக்கு, அதாவது சரோஜாதேவிக்கு, அவன் வெறும் தொந்தரவு.

ஒழுக்கத்துக்குப் பயந்து செய்த மாற்றம்தான். ஆனால் என் கணக்கில் அது படத்தையே வேறாக்கிவிட்டது. இத்தாலியக் கதை கல்யாணத்தைப் பற்றியது. தமிழ்க் கதை வீட்டைப் பற்றியதாகிவிட்டது.

இனி பாட்டியின் திடல். 1966இல் அவருக்கு 18 வயது, போர்ட்டிக்சன் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தார். சம்பளம் போட்ட வாரம் லாரியில் புரொஜெக்டர் வரும். திடலில் இரண்டு கம்பு நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். சாக்கு, பாய், சட்டி நிறையக் கச்சான் என்று ஆளாளுக்கு இடம் பிடிப்பார்கள். பாட்டிக்கு இடம் கிடைத்தது திரைக்குப் பின்பக்கம். "எல்லாம் எடக்கையாலதான் சண்ட போடுவாங்க" என்று சிரிக்கிறார். மறுநாள் விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். ஆனாலும் பாதியில் யாரும் எழுந்து போனதில்லை.

திடலுக்கு மேலே குன்றில் துரை பங்களா. துரைக்கு முன்னால் எப்படி நடந்துகொள்வது என்பதற்கு நம் தோட்டங்களில் எழுதாத சட்டம் இருந்தது. 1941இல் ஆர்.எச். நாதன் தலைமையில் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தபோது வைத்த கோரிக்கைகளில் ஒன்று, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பது. கூலி உயர்வோடு சேர்த்து இதையும் கேட்டார்கள். 25 வருடம் கழித்தும் பங்களா வாசலில் பாட்டியின் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நின்றாராம்.

அந்தக் குன்றுக்குக் கீழே உட்கார்ந்து, ஒரு பெண் பங்களாவின் முதலாளியை முகத்துக்கு நேரே விரட்டுவதைப் பார்த்தால் எப்படி இருந்திருக்கும்! ஜே.பி. யார் என்று திடலில் எல்லாருக்கும் தெரியும், கீதாவுக்கு மட்டும் தெரியாது. இந்த வேடத்தின் கஷ்டம் அங்கேதான். ஒரு நொடி கண்ணில் மரியாதை தட்டினாலும் நகைச்சுவை செத்துவிடும். சரோஜாதேவி அதை விடவே இல்லை. புருவத்தைத் தூக்கி, கழுத்தை வெட்டி, கன்னட வாடையோடு இழுக்கும் அந்தத் தமிழில் அவனை ஒன்றுமில்லாதவனாக நடத்துகிறார். பலரும் கிண்டல் செய்யும் அந்தக் குழந்தைக் குரல்தான் இந்தப் படத்தில் அவருக்குக் கை கொடுக்கிறது. பயமே தெரியாதவள் என்று அந்தக் குரல் நம்ப வைக்கிறது. லோலோபிரிஜிடா ரொம்ப அழகு, ரொம்பத் திறமை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தெரியாமல் இருப்பதை இவ்வளவு தெளிவாக நடிக்கும் வேலை அவருக்கு அங்கே இல்லை.

அதே 1966இல்தான் மலேசியாவில் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுவசதித் தரச் சட்டம் வந்தது. லயத்து வீடு எப்படி இருக்க வேண்டும் என்று அது சொன்னது. வீடு யாருடையது என்ற கேள்விக்கு அது போகவில்லை. வேலை இருக்கும்வரை வீடு, வேலை போனால் வெளியே. வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலம் வேறு. அதைத் தடுக்கத்தான் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் காசைச் சேர்த்தே தோட்டம் வாங்கினார்.

பாட்டியின் தோட்டத்தைத் தொழிலாளர்கள் சார்பில் யாரும் வாங்கவில்லை. 30 வருடத்துக்கு மேல் இருந்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லி 1990களில் கடிதம் வந்தது. கடிதம் மலாயில் இருந்ததால் அப்போது ஆறாம் வகுப்பில் இருந்த என் சித்தப்பாதான் வாசித்துச் சொன்னாராம். இப்போது அங்கே கேட் போட்ட வீடமைப்பு. வேலை விஷயமாக ஒருமுறை அந்த வழியாகப் போனேன், காவலாளி அடையாள அட்டை கேட்டார்.

இதையெல்லாம் யோசித்தால் 'அன்பே வா' மீது கோபமும் வருகிறது. ஜே.பி.யால் விளையாட முடிகிறது, ஏனென்றால் எப்போது வேண்டுமானாலும் அவன் வீட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கீதாவின் தைரியம் அவள் அறியாமையில் நிற்கிறது. உண்மை தெரிந்தபின் அவளுக்கு அந்த வீட்டில் இருக்க ஒரே வழி, அவனைக் கட்டிக்கொள்வது. பாட்டியிடம் இதைச் சொன்னேன். "அதெல்லாம் தெரியாமலா பாத்தோம்?" என்று கேட்டுவிட்டு ரிமோட்டை என் கையில் கொடுத்தார்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை யூடியூபில் படத்தைப் போட்டோம். ஜே.பி. வாடகைப் பணத்தை எடுத்துக் கொடுக்கும் இடத்தில் பாட்டி கை தட்டினார். கீதா கல்லூரிப் பட்டாளத்தோடு சேர்ந்து அவனைக் கேலி செய்யும் இடத்தில் அடுத்து வருவதை முன்கூட்டியே சொன்னார். படம் முடிய இன்னும் அரை மணி நேரம் இருக்கும்போது நிறுத்தச் சொன்னார்.

"ஏன் பாட்டி, இன்னும் இருக்கே?"

"போதும்யா. இனிமே அவன் தொரையாயிருவான்."

எழுந்து தேத்தண்ணி கலக்கப் போனார்.