தீச்சுவாலையும் கணக்கேடும்

1956 இல் நைஜர் கழிமுகத்திலுள்ள ஒலோய்பிரி என்னுஞ் சிற்றூரில் ஷெல்-பி.பி. கம்பனியார் மசகு எண்ணெயைக் கண்டனர். 1958 இல் அது கப்பலேறிற்று. நைஜீரியா சுதந்திரம் பெற்றதோ 1960 இல். எண்ணெயோடு கூடவே நிலத்தினின்றும் வாயுவும் எழும். அதனைச் சேகரித்துக் குழாய்வழிக் கொண்டுசெல்லப் பணம் வேண்டும்; கொளுத்திவிடுவதற்கு ஒரு தீப்பொறியே போதும். இலாபத்தையே அளவுகோலாகக் கொண்டோர் இரண்டாவதைத் தெரிந்தெடுத்ததில் வியப்பில்லை. இரவின் இருளை அறியாத ஊர்கள் இவ்வாறே அக்கழிமுகத்தில் உண்டாயின.

கொளுத்தப்பட்டது எவ்வளவு? விடைகூறும் உரிமை நெடுங்காலம் கொளுத்தியவரிடமே இருந்தது. தோட்டத்துத் துரையே கணக்குப்பிள்ளையுமானால் கொழுந்தின் நிறை என்னவாகும் என்பதை நம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை. 1979 இல் நைஜீரிய அரசு இயற்றிய சட்டம், 1984 சனவரி முதல் அமைச்சரின் அனுமதியின்றி வாயுவை எரிக்கலாகாது என்றது. அனுமதிகளும் சிறு அபராதங்களும் வந்தன, தீ அணையவில்லை.

இக்கணக்கேட்டைத் திறந்தது வானத்திலிருந்து வந்த சாட்சியமேயாகும். அமெரிக்க இராணுவத்தின் வானிலைச் செய்மதிகள் எடுத்த இரவுப் படங்களில் எண்ணெய் வயல்களின் தீச்சுவாலைகள் தெளிவாகத் தெரிவதைத் தோமஸ் குரொஃப்ட் என்பார் 1973 இலேயே எடுத்துக்காட்டினார். 2011 இல் ஏவப்பட்ட செய்மதியொன்று செங்கீழ்க் கதிர்களால் சுவாலையின் வெப்பநிலையையும் பரப்பையும் அளந்தது. அவற்றிலிருந்து எரிந்த வாயுவின் கனவளவு மதிப்பிடப்பட்டது. எனினும் அப்புதிய கண்ணுக்கும் அளவு திருத்தஞ் செய்யப் பயன்பட்டவை, நாடுவாரியாகத் திரட்டப்பட்ட பழைய அறிக்கை எண்களே என்பது மனங்கொள்ளத்தக்கது.

எரிக்கப்பட்ட வாயு, எண்ணெயை மேலேற்றுவதற்கான எரிபொருள், கசியும் மெதேன், சுத்திகரிப்பு நிலையம் வரையிலான போக்குவரத்து ஆகியவற்றின் வெளியேற்றங்களைக் கூட்டி, கிடைத்த எண்ணெயின் சத்தியால் வகுத்தால் வருவதே உற்பத்தியின் காபன் செறிவு. கலிபோர்னியா 2009 இல் எரிபொருட்களின் காபன் அளவுக்கு வரம்பு விதித்தபின், ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தார் இதற்கென ஒரு கணிப்பு மாதிரியை ஆக்கினர். அதனைக் கொண்டு 2018 இல் வெளியான ஆய்வு, 2015 இல் உலக உற்பத்தியில் 98 சதவீதத்தைத் தந்த 8,966 வயல்களை மதிப்பிட்டது. ஒரு மெகாயூலுக்கு உலகச் சராசரி 10.3 கிராம் காபனீரொட்சைட்டுக்குச் சமானம். சவூதி அரேபியாவில் 4.6, வாயுவை மிகுதியாக எரிக்கும் அல்ஜீரியாவிலும், கடினமான எண்ணெயைப் பக்குவப்படுத்தும் வெனிசுவேலாவிலும் ஏறத்தாழ 20.

இவ்வெண்களை நாம் மதிக்கிறோம், ஆயினும் வணங்கவேண்டியதில்லை. வயலின் ஆழம், அமுக்கம், எண்ணெயோடு ஏறும் நீரின் விகிதம் முதலியவை வெளியிடப்படாவிடத்து, மாதிரி பொதுப்பெறுமானங்களை இட்டு நிரப்புகின்றது. மறைப்பவன் சராசரியின் நிழலில் ஒதுங்கலாம். அன்றியும், அதே ஒரு மெகாயூல் எண்ணெய் இறுதியில் எரியும்போது வெளிவரும் ஏறத்தாழ 73 கிராம் இக்கணக்கில் இடம்பெறுவதேயில்லை. ‘தூய எண்ணெய்’ எனும் விளம்பரம் பிறப்பது இவ்வெல்லைக்கோட்டிலேதான்.

சுவாலைக்குட் செல்லும் மெதேனில் நூற்றில் 98 பங்கு அழிந்துவிடும் என்பது நெடுநாளைய எடுகோள். அமெரிக்காவின் மூன்று எண்ணெய்ப் படுகைகளின் மேல் விமானத்திற் பறந்து அளந்தோர், அது சுமார் 91 பங்கே என 2022 இல் அறிவித்தனர். தப்பிச்செல்வது இரண்டு பங்கன்று, ஒன்பது பங்கு! இருபதாண்டுக் கணக்கில் மெதேன், நிறைக்கு நிறை, காபனீரொட்சைட்டினும் எண்பது மடங்குக்கு மேல் வெப்பமூட்டுவது. நைஜர் கழிமுகத்தின் பழைய சுவாலைகள் எத்தனை பங்கைத் தப்பவிட்டன என்பதை எந்தப் பேரேட்டிலிருந்து இனிப் பெறுவோம்?

2005 நவம்பரில் பெனின் நகரிலிருந்த நைஜீரியக் கூட்டாட்சி உயர் நீதிமன்றம், வாயுவை எரித்தல் மக்களின் வாழும் உரிமையை மீறுவதெனத் தீர்ப்பளித்தது. 2023 இல் உலகெங்கும் எரிக்கப்பட்ட வாயு 148 பில்லியன் கனமீற்றர். அதில் முக்காற்பங்கை எரித்த ஒன்பது நாடுகளுள் நைஜீரியாவும் ஒன்று.